124 கோடி கைபேசி போனதாம், என் கடைக்கு ஏன் வரவில்லை?

கடைவீதி_ரங்கூன்:
அனைவருக்கும் வணக்கம். பர்மாவில், ரங்கூன் தெய்ன்ஜி சந்தைக்குப் பின்னால் பன்னிரண்டு வருடமாகக் கைபேசிக் கடை வைத்திருக்கிறேன். சென்ற வாரம் மின்சாரம் இல்லாத ஒரு மாலையில் பழைய செய்தி ஒன்று கண்ணில் பட்டது. உலகத் திறன்பேசிச் சந்தை இரண்டு வருடம் சரிந்து கிடந்து, 2024-இல் 6 சதவீதத்துக்கு மேல் எழுந்து, ஏறக்குறைய 124 கோடியைத் தொட்டதாம். "சந்தை மீண்டது" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

உடனே என் 2024 நோட்டை எடுத்துப் புரட்டினேன். புதிய கைபேசி விற்ற பக்கங்கள் முந்தைய வருடத்தைவிட மெலிந்திருந்தன. ஆனால் கடையில் கூட்டம் குறையவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு பேட்டரி உப்பிவிட்டது, இன்னொருவருக்கு சார்ஜ் ஏறவில்லை. புதிது வாங்க வருகிறவர் விலையைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இதையே சரிசெய்து கொடுங்கள்" என்று பையிலிருந்து பழையதை எடுக்கிறார்.

அந்த 124 கோடியில் நாம் எந்த மூலையில் இருக்கிறோம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேகு_பையன்:
அண்ணா, உலகம் என்றால் பெரிய சந்தைகள். சீனா, இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பா. நாம் அதில் தூசு. 2024-இல் ஆப்பிளும் சாம்சங்கும் கொஞ்சம் இறங்கின. ஏறியவை ஷியாவ்மி, டிரான்சியன் போன்ற சீன நிறுவனங்கள். அதுவும் குறைந்த விலைக் கைபேசிகளால்தான் ஏற்றம். அந்தச் சரக்கு நம் ஊருக்கும் வருகிறதே, உங்கள் அலமாரியிலேயே இருக்குமே!

கடைவீதி_ரங்கூன்:
இருக்கிறது தம்பி. அலமாரியில்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
தம்பி விளையாட்டாகக் கேட்டதற்கு நண்பர் சொன்ன அந்த ஒற்றை வரியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. நான் இறக்குமதிக் கணக்கு எழுதியே தலை நரைத்தவன், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 124 கோடி போன்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் நிறுவனம் அனுப்பிய சரக்கின் எண்ணிக்கை. தொழிற்சாலையிலிருந்து கிளம்பி மொத்த வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தால் கணக்கில் ஏறிவிடும். யாராவது காசு கொடுத்து வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார்களா என்பது வேறு கணக்கு. அதை எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கொட்டை எழுத்தில் வருவது முதலாவதுதான். இரண்டுக்கும் நடுவில் கிடங்கு இருக்கிறது, கடை அலமாரி இருக்கிறது, "அடுத்த மாதம் போய்விடும்" என்ற வியாபாரியின் நம்பிக்கை இருக்கிறது.

2021-இல் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது என்ன நடந்தது? கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தவர்கள் தேவைக்கு மேல் கேட்டு வாங்கினார்கள். அந்த வருடம் உலகக் கணக்கு ஏறியது. 2022-இல் விலைவாசி உயர, மக்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். கிடங்கில் இருந்ததே தீரவில்லை, புதுச் சரக்குக்கு யார் சீட்டு எழுதுவார்கள்? கணக்கு 11 சதவீதத்துக்கு மேல் விழுந்து 121 கோடி ஆனது. 2023-இல் 117 கோடி, பத்து வருடத்தில் மிகக் குறைவு. ஆகவே 2024-இன் எழுச்சியில் ஒரு பங்கு, காலியான கிடங்கை மறுபடி நிரப்பியதுதான். குழியிலிருந்து ஏறியவன் மலை ஏறியதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

மலை உச்சி எது என்று கேட்டால் 2016. அப்போது 147 கோடி. 2013-இல்தான் முதன்முதலாக ஒரு வருடக் கணக்கு 100 கோடியைத் தாண்டியது. மூன்றே வருடத்தில் இன்னும் 47 கோடி. அதன்பின் எந்த வருடமும் அந்த உயரத்தைத் திரும்பப் பார்க்கவில்லை. "மீண்டது" என்ற சொல்லை இந்த வரிசையோடு வைத்துப் பாருங்கள்.

தட்டோன்காரன்:
கணக்குப்பிள்ளை சொன்ன 2016-ஐப் படித்ததும் சிரிப்பு வந்தது. அந்த வருடம் எங்கள் தெருவில் கிழவிகள்கூட முதல் கைபேசி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இளையவர்களுக்குத் தெரியாது. 2000-களில் நான் ரங்கூன் நடைபாதையில் தொலைபேசி மேசை போட்டவன். பக்கத்துக் கட்டடத்திலிருந்து கம்பி இழுத்து, மேசைமேல் மூன்று தொலைபேசிகள், ஒரு கடிகாரம், மழைக்கு ஒரு நீலத் தாள். நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவோம். வெளியூரிலிருந்து யாருக்காவது அழைப்பு வந்தால் ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டு, வேலைக்கு இருந்த பையனை நான்காம் மாடிக்கு ஓடவிடுவேன். ஆள் இறங்கி வரும்வரை மறுமுனையில் இருப்பவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். சொந்தமாகக் கைபேசி வைத்திருப்பவர் என்றால் அமைச்சர், பெரிய வியாபாரி, அவ்வளவுதான். சிம் அட்டைக்கே லட்சக்கணக்கில் கியாட் கொடுக்க வேண்டிய காலம். சிம்மை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர்களும் உண்டு.

பிறகு வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் வந்தன. 2014 ஆகஸ்டில் ஊரிடூ, செப்டம்பரில் டெலினார். சிம் 1,500 கியாட். வரிசை தெருமுனை திரும்பிப் போனது. என் மேசை ஆறே மாதத்தில் போயிற்று. அழவில்லை, நானும் வரிசையில் நின்றுதான் வாங்கினேன். கம்பித் தொலைபேசியும் கணினியும் பார்க்காத வீட்டுக்குள் நேராகத் தொடுதிரைக் கைபேசி நுழைந்தது. பித்தான் வைத்த கைபேசியைக்கூடப் பலர் தாண்டிப் போய்விட்டார்கள்.

உலகம் உச்சியில் நின்றபோது நாங்கள் அடிவாரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். நீங்கள் 2013, 2016 என்று சொல்லும் உலக வருடங்கள் எங்கள் ஊருக்குப் பொருந்தாது.

பேகு_பையன்:
மாமா, பையனை மாடிக்கு ஓடவிட்ட கதை அருமை. ஆனால் இன்று பேகுவில் கைபேசி இல்லாதவர் யார்? எல்லாரிடமும் வந்துவிட்டது. இருக்கிறவனுக்கு மறுபடி விற்பது எப்படி என்பதுதான் இனி நிறுவனங்களின் தலைவலி.

மௌல்மீன்_டீச்சர்:
மறுபடி வாங்க வைத்ததில் எழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அதை யாரும் பேசவில்லை. 2014-இல் நான் வாங்கிய முதல் கைபேசியில் தமிழ் கட்டங்கட்டமாக வரும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தமிழ்ப் பள்ளிக்கூடக் குழுவில் நான் "பொங்கல்" என்று அனுப்பினால் பெற்றோருக்கு என்னவோ போய்ச் சேரும். செல்லினம் செயலியில் தட்டினாலும் காட்டுகிற கைபேசி சரியாக இருக்க வேண்டுமே. அதற்காகவே அடுத்த வருடம் வேறொன்று வாங்கினேன்.

பர்மிய எழுத்துக்கோ தனிக் கூத்து. பாதி ஊர் ஜாவ்ஜி என்ற உள்ளூர் எழுத்துரு முறையில் எழுதியது, மீதி ஊர் உலகப் பொது முறையான யூனிகோடில். 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியபோது என் பழைய கைபேசியில் செய்திகள் எல்லாம் பூச்சி ஊர்ந்ததுபோல ஆயின. பக்கத்து வீட்டு அக்கா "போன் கெட்டுவிட்டது" என்று சொல்லிப் புதிதே வாங்கிவிட்டார். கெட்டது போன் அல்ல.

இப்போதைய கைபேசியில் எந்தக் குறையும் இல்லை. தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் ஒழுங்காகத் தெரிகின்றன. நான் எதற்கு மாற்ற வேண்டும்? ஐந்து வருடமாகிறது.

கணக்குப்பிள்ளை:
டீச்சர் சொன்ன "எதற்கு மாற்ற வேண்டும்" என்ற கேள்விதான் உலகத்தையே ஆட்டுகிறது. முன்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியவர்கள் மூன்று, நான்கு என்று நீட்டுகிறார்கள். முதல் ஐந்தாறு வருடங்களில் ஒவ்வொரு கைபேசியும் முந்தையதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மேலாக இருந்தது. இப்போது வித்தியாசத்தைக் கடைக்காரர் விளக்கிச் சொன்னால்தான் தெரிகிறது.

பழுதுபார்ப்பது விற்பனையைத் தின்னும் என்பதற்கு நல்ல உதாரணம் ஆப்பிள். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைப்பதாக 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டார்கள். கூச்சல் எழுந்ததும் 2018 முழுவதும் 29 டாலருக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் ஆப்பிள் தலைமை அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த வருமானம் வராததற்குச் சீனப் பொருளாதாரத்தை முக்கியக் காரணமாகச் சொல்லிவிட்டு, மலிவாக பேட்டரி மாற்றிக்கொண்டவர்களையும் காரணப் பட்டியலில் சேர்த்திருந்தார். 29 டாலர் பேட்டரி அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கணக்கிலேயே தெரிந்தது என்றால், நம் கடைவீதியார் மேசையில் நடப்பது சாதாரண வேலை அல்ல.

பேகு_பையன்:
அப்படியென்றால் நிறுவனங்கள் நஷ்டத்தில் அல்லவா ஓட வேண்டும், ஐயா? ஓடவில்லையே.

கணக்குப்பிள்ளை:
ஓடாது. எண்ணிக்கை நின்றால் விலையை ஏற்றுவார்கள். 2023-இல் மொத்த எண்ணிக்கை விழுந்தபோதும் 600 டாலருக்கு மேற்பட்ட கைபேசிகள் விற்பனையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக வளர்ந்தன. அதே வருடம்தான் ஆப்பிள் சாம்சங்கைத் தள்ளிவிட்டு ஆண்டுக் கணக்கில் முதலிடம் பிடித்தது. சந்தை சுருங்கிய வருடத்தில், மலிவுக் கைபேசி ஒன்றுகூட விற்காத நிறுவனம் முதலிடம்! வளர்ச்சி என்ற சொல்லுக்கு இனி எண்ணிக்கை என்று பொருள் கொள்ளாதீர்கள், பணம் என்று கொள்ளுங்கள்.

கடல்கடந்தவன்:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், பிறந்தது ரங்கூன். இங்கே நடப்பதை நேரில் பார்க்கிறேன். என் மேலாளர் வருடாவருடம் புதியது வாங்குகிறார். பழையதைக் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்கிறார். அப்படிக் கொடுத்த கைபேசியை யாரும் குப்பையில் போடுவதில்லை. தரம் பிரித்து, துடைத்து, பெட்டி போட்டு, கைமாற்றி அனுப்புகிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது நானும் இரண்டு கொண்டுவருவேன். தங்கைக்கு ஒன்று, மாமா மகனுக்கு ஒன்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் மேலாளர் வாங்கிய அன்று உலகக் கணக்கில் ஒன்று கூடியது. என் தங்கை கையில் வந்தபோது புதுக் கைபேசிக் கணக்கில் எதுவும் கூடவில்லை. தங்கைக்கு அது புத்தம் புதியதுதான், மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் திறந்தாள்.

தட்டோன்காரன்:
மஞ்சள் குங்குமம் வைத்தது சரி. சுங்கத்தில் என்ன வைத்தாய் தம்பி?

நெறியாளர்:
பெரியவரே, அது வேறு இழை. இங்கே சந்தையைப் பற்றி மட்டும்.

கடைவீதி_ரங்கூன்:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் கடையில் வேலை, இப்போதுதான் உட்கார்ந்தேன். நீங்கள் பேசியதையெல்லாம் ஒரே கைபேசியில் வைத்துப் பார்த்தேன்.

2017-இல் நான் ஒரு பள்ளி ஆசிரியருக்கு விற்ற கைபேசி அது. பெட்டியில் என் கடை முத்திரை இன்னும் இருக்கிறது. 2019-இல் திரை உடைந்து வந்தது, மாற்றினேன். 2021-இல் அவர் அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார், தம்பி பேட்டரி மாற்ற வந்தார். பிறகு தம்பி வேலைக்கு மலேசியா போகும்போது அம்மாவிடம் விட்டுப் போனார். முந்தாநாள் அந்த அம்மாவின் பேத்தி கொண்டுவந்தாள், சார்ஜ் ஏறவில்லை என்று. ஊசியால் துளையைக் கிளறினேன். லுங்கி மடிப்பில் வைத்து வைத்து நூலும் பஞ்சும் அடைத்துக் கல்லாகி இருந்தது. அதை எடுத்ததும் ஏறிவிட்டது. காசு வாங்கவில்லை.

அந்த அம்மா ஐந்தாம் மாடி. முழங்கால் வலி, இறங்க மாட்டார். ரங்கூன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மாடி வீடுகளிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் கவ்வி இருக்கும். செய்தித்தாள், காலை மொஹிங்கா நூடுல்ஸ், மின்கட்டணச் சீட்டு எல்லாம் அதில்தான் ஏறும். பேத்தி பள்ளிக்கு ஓடிவிட்டதால் நானே போய்க் கைபேசியைப் பையில் போட்டு, கவ்வியில் மாட்டி, கயிற்றை இழுத்தேன். மேலே மணி அடித்தது. பை சுவரில் இடித்து இடித்துப் போவதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. நானே மாற்றிய திரை அல்லவா!

எட்டு வருடத்தில் மூன்று பேர் கை மாறியிருக்கிறது, என் மேசைக்கு மூன்று முறை வந்திருக்கிறது. உலகக் கணக்கில் அது 2017-இல் ஒரே ஒரு தடவை எண்ணப்பட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதற்கு உயிர் இருந்ததாகவே எந்த அறிக்கைக்கும் தெரியாது.

இன்னொன்று. புதியது ஏன் வாங்கவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2021-க்கு முன் ஒரு டாலர் 1,330 கியாட் அளவில் இருந்தது. பிறகு வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டியது. சீனாவில் விலை ஏறாத கைபேசியும் இங்கே மூன்று மடங்கு ஆகிவிட்டது. சீன எல்லையிலுள்ள மூசே பாதை அடைபட்டால் சரக்கு தாய்லாந்து வழியாகச் சுற்றி வருகிறது. அந்தச் செலவும் விலையில்தான் ஏறுகிறது. சம்பளம் மூன்று மடங்கு ஆனவர் யாராவது இருந்தால் இங்கே எழுதுங்கள், அவருக்கு நானே முதல் வாடிக்கையாளனாகக் கடன் கேட்டு வருகிறேன்.

பேகு_பையன்:
கயிற்றில் கைபேசி ஏற்றிய உங்களுக்குத் துணிச்சல் அதிகம் அண்ணா.

ஆனால் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். புதியது வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கேட்பது வேறு. பேகுவில் கடைக்குப் போனால் யாரும் கேமராவைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "பேட்டரி எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பதே நம் நாள்காட்டி. கைபேசிதான் விளக்கு, கைபேசிதான் பணப்பை. அணைந்துவிட்டால் கடையில் காசு கொடுக்கவும் முடியாது. டிரான்சியன் நிறுவனத்தின் டெக்னோ, இன்பினிக்ஸ், ஐடெல் எல்லாம் ஆப்பிரிக்காவில் பிடித்தது இதே வழியில்தான். நீடிக்கும் பேட்டரி, இரண்டு மூன்று சிம், கறுத்த முகம் இருட்டாக விழாத கேமரா. பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத ஊர்களைச் சுற்றியே உலகின் முதல் ஐந்து இடத்துக்குள் வந்துவிட்டார்கள்.

மௌல்மீன்_டீச்சர்:
நம்மை எண்ணுகிறவர்கள் எண்ணாவிட்டாலும் விற்கிறவர்கள் எண்ணியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

என் வருத்தம் ஒன்றையும் இறக்கி வைக்கிறேன். சென்ற வருடம் என் கைபேசியின் பேட்டரி உப்பியபோது அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கே போனேன். பெயர் வேண்டாம். முன்னால் குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, எண் சீட்டு. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பெண் சொன்னாள், "இந்த மாதிரிக்கு உதிரிப்பாகம் வருவதில்லை, புதியது வாங்கினால் தள்ளுபடி உண்டு." கைபேசிக்கு அப்போது நான்கே வயது. வெளியே வந்து எதிர்ச்சாரியில் ஒரு பையனிடம் கொடுத்தேன். நான் ஒரு லபெ தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவன் மாற்றிக் கொடுத்துவிட்டான்.

கணக்குப்பிள்ளை:
டீச்சர், அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள், அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஐரோப்பாவில் இந்தப் பாடத்தைச் சட்டம் போட்டு மாற்றியிருக்கிறார்கள். 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்கு, அந்த மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் முக்கிய உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு குறைந்தது ஐந்து வருடம். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். அதற்கு முன்பே கூகுள் தன் பிக்சல் 8-க்கும் சாம்சங் தன் எஸ் 24-க்கும் ஏழு வருடப் புதுப்பிப்பு என்று அறிவித்துவிட்டன. சட்டம் அங்கே என்றாலும் அந்தக் கைபேசிகள் ஒருநாள் கடல்கடந்தவன் பெட்டியில் இங்கே வரும், பாருங்கள்.

கடல்கடந்தவன்:
பெட்டியில் இடம் இருந்தால்.

ஸ்ரீபெரும்புதூர் பற்றி யாரும் சொல்லவில்லையே? 1960-களில் ரங்கூனிலிருந்து கப்பலேறிப் போன எங்கள் சித்தப்பா குடும்பம் காஞ்சிபுரம் பக்கம் குடியேறியது. அவர்கள் பேரன் நோக்கியா ஆலையில் வேலை பார்த்தான். 2006-இல் தொடங்கிய ஆலை, 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். அதே பகுதியில்தான் இன்று ஐபோன் செய்கிறார்கள். 2025-இன் இரண்டாம் காலாண்டில் அமெரிக்காவுக்குப் போன திறன்பேசிகளில் சீனாவில் செய்தவற்றைவிட இந்தியாவில் செய்தவை அதிகம். நமக்கோ வங்காள விரிகுடா தாண்டினால் சென்னை, ஆனால் கைபேசி வருவது மலை தாண்டிச் சீனாவிலிருந்து.

தட்டோன்காரன்:
அந்தப் பேரன் இப்போது என்ன செய்கிறான்?

கடல்கடந்தவன்:
ஆட்டோ ஓட்டினான் கொஞ்ச நாள். இப்போது வேறொரு ஆலையில் சார்ஜர் பிரிவில் இருக்கிறான்.

கணக்குப்பிள்ளை:
கடைவீதியாருக்கு ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போகிறேன். 2025 பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லு விலை ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உயர்ரக நினைவகத்தை அள்ளிக்கொள்வதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். விலையுயர்ந்த கைபேசியில் நினைவகத்தின் செலவு சிறு பங்கு, தாங்கிக்கொள்வார்கள். மலிவுக் கைபேசியில் அது பெரிய பங்கு, அடி அங்கேதான் விழும். நம் ஊர் வாங்குவது அந்த வகைதான். உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய சரக்கை அவசரப்பட்டுத் தள்ளுபடியில் கொடுத்துவிடாதீர்கள்.

பேகு_பையன்:
ஐயா, அதைப் பொதுவில் சொல்லிவிட்டீர்களே! நான் அடுத்த மாதம் அவரிடம் தள்ளுபடி கேட்கலாம் என்றிருந்தேன்.

கடைவீதி_ரங்கூன்:
தம்பி, உனக்கு பேட்டரி மட்டும் தள்ளுபடி.

இன்று காலை மொத்த வியாபாரி வந்திருந்தார். வழக்கமாகப் புதிய மாதிரிகளின் படத்தைத்தான் முதலில் காட்டுவார். இன்று நான் முந்திக்கொண்டு நோட்டை நீட்டினேன். பேட்டரி அறுபது, சார்ஜ் துளை முப்பது, 2019, 2020 மாதிரிகளுக்கான திரை இருபது, புதிய கைபேசி நான்கு. "நான்குதானா?" என்று இரண்டு முறை கேட்டார். லபெ வரவழைத்துக் கொடுத்தேன், குடித்துவிட்டு எழுதிக்கொண்டார். அந்த நான்கும் எந்த அறிக்கையில் எந்த மூலையில் ஏறும் என்பதைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

இதோ, எதிர்வீட்டுக் கயிற்றில் மணி அடிக்கிறது. ஐந்தாம் மாடிதான். பையில் என்ன இறங்குகிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.